முதுகு முன்னால, கூர் பின்னால

— கால நீ பிடி பாப்பா. நான் அக்குளுக்குக் கீழ கைய விட்டுத் தூக்கறேன்.

— நீ காலப் பிடி அண்ணா. தலைப்பக்கம் நான் பாத்துக்கறேன். உன் கை இருக்கற லட்சணத்துக்கு அப்பாவக் கீழ போட்டுட்டு முழிச்சிட்டு நிப்ப.

— செத்துப் போனவரு கீழ விழுந்தா என்ன, மேல இருந்தா என்ன? சும்மா சொன்னேன், மொறைக்காத. தூக்கு. ஏய், என்ன இது, ஒத்த ஆளாவே தூக்கிட்டியே!

— தினம் தூக்கறதுதான. கழுவ ஒரு தடவ, துணி மாத்த ஒரு தடவ. பக்கவாதம் வந்து படுத்ததுலேந்து நீ கடைய மட்டும்தான பாத்த. ம், நாற்காலிய நல்லா சாய்ச்சு விடு. தலைக்கட்டைய மேல ஏத்து.

— ஏத்தியாச்சு. பாரேன், சொந்தக் கடை நாற்காலில நம்ம அப்பா இன்னைக்குத்தான் மொத தடவையா ஒக்கார்றாரு. கஸ்டமர் எடத்துல நாம ஒக்காந்தா தொழில் படுத்துக்கும்னு என்னைய சாயக்கூட விட்டதில்ல. இப்ப ராஜா மாதிரி சாய்ஞ்சிருக்காரு.

— துண்ட நெஞ்சுக்குக் குறுக்க கட்டு. சரிஞ்சிருவாரு. இன்னும் ஒடம்பு சூடாத்தான் இருக்கு அண்ணா.

— ராத்திரி பூரா ரெண்டு போர்வைக்குள்ள கெடந்தவரு, சூடா இல்லாம? சூடு ஆறிடுச்சுன்னா விறைச்சிரும் பாப்பா. விறைச்சா தாடை இறுகிடும், கன்னத்த இழுத்துப் பிடிக்க வராது. அதான் அவசரப்படுத்தறேன். இந்தா, பிரஷ்ஷு. வெந்நி அங்க கிண்ணத்துல இருக்கு.

— எனக்கு எதுக்கு பிரஷ்ஷு? நீதான பார்பர். நீ மழி.

— என் கையப் பாரு.

— பாத்துட்டுத்தான் இருக்கேன். அவரு மொறைச்சுப் பாத்தா நடுங்குதுன்னு சொல்லுவ. இப்பதான் கண்ண மூடிட்டாரே. இன்னும் எதுக்கு நடுங்குது?

— அதைத்தான் காலைலேந்து நானும் கைகிட்ட கேட்டுட்டு இருக்கேன். பதில் சொல்ல மாட்டேங்குது. சும்மா சொல்லல பாப்பா, வேற யாரு மொகமா இருந்தாலும் கொஞ்சம் சமாளிப்பேன். இவரு மொகத்தக் கண்டாலே கை ஆட ஆரம்பிச்சிருது. போன வாரம் படுக்கைல வச்சு மழிச்சேன்ல, தாடைல கீறிட்டேன். நல்லா இருக்கற ஒத்தக் கையால அந்தக் கத்தி தீட்டற தோல் வார எடுத்து காதோட சேத்து ஒன்னு வச்சாரு பாரு. ரெண்டு நாள் எனக்கு அந்தக் காதுல வண்டு சுத்துச்சு.

— நான் மனுஷன் மொகத்துல கத்தி வச்சதே இல்ல.

— வைக்க விட்டிருந்தாதான? பொம்பளக்கிட்ட எவன் கழுத்தக் குடுப்பான்னு கேட்டே உன்ன பின்கட்டுல வாரு செய்யற தோலோட ஒக்கார வச்சிட்டாரு. ஆனா நீ தீட்டற மாதிரி இந்தத் தெருவுல யாரு தீட்டுவா, சொல்லு? கத்திப் பதம் பாத்துப் பாத்து உன் முன்கைல ஒரு முடி இருக்கா?

— முடில பாக்கறது வேற. சதை வேற.

— பயப்படாத. நான் செத்தவங்க நெறைய பேருக்கு மழிச்சிருக்கேன், வீட்டுக்கே கூப்பிட்டு விடுவாங்க. உயிரோட இருக்கறவன விட அவங்கதான் நல்ல கஸ்டமரு. தும்ம மாட்டாங்க, அரசியல் பேச மாட்டாங்க. கத்தி தப்பிப் பட்டாக்கூட வெறும் கோடுதான் விழும். ரத்தம் ஊறாது. 

— அதுக்கு பயப்படல.

— பின்ன?

— தொடவே புடிக்கல. சரிதானா? இத்தன நாள் வேற வழி இல்லாம தொட்டேன். இன்னைக்கு தொட வேண்டாம்னு இருந்தேன்.

— பாப்பா, கைய நீட்டு. அது என்ன மணிக்கட்டுல? செவந்து தடிச்சிருக்கு.

— ஒன்னுமில்ல.

— நேத்தா?

— நேத்து சாயங்காலம் கேட்டேன். ஒரு தடவ கேட்டுப் பாத்துரலாம்னு. "அப்பா, துறைமுகத்துப் பக்கம் கத்திக்கடை வச்சிருக்காரே, அவரு கூப்பிட்டிருக்காரு. சமையல்காரங்களுக்கு, தச்சு வேலைக்காரங்களுக்கெல்லாம் கத்தி தீட்ட வாரு செஞ்சு தரணுமாம். பலகைல தோல ஒட்டிக் குடுக்கறது. தங்க ரூம் இருக்கு. அண்ணன் உங்களப் பாத்துக்க ஆள் வச்சிக்கறேன்னு சொல்லுது. நான் போகட்டுமா?"ன்னு கேட்டேன்.

— அதுக்கு?

— நாக்கு குழறினாலும் பதில் தெளிவாத்தான் சொன்னாரு. வாரால.

— அந்த ஆளு என்னைக்கு வரச் சொன்னாரு?

— நாளைக்குள்ள வரலன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாரு. அவர என்ன குத்தம் சொல்றது? மூணு தடவ ஆள் அனுப்பிட்டாரு. வேற யாரு அனுப்புவா?

— நீ போற. நாளைக்குக் காலைல இவர அடக்கம் பண்றோம், முடிஞ்சதும் பஸ்ல ஏத்தி விடறேன். எவன் என்ன பேசினாலும் நான் பதில் சொல்லிக்கறேன். என்ன சொல்ற?

— அந்த ரூமுல உள்பக்கம் தாப்பா இருக்காம் அண்ணா. நான் அதைத்தான் மொதல்ல விசாரிச்சேன்.

— போயி நல்லா தாப்பா போட்டுட்டுத் தூங்கு. வெயிலு மூஞ்சில அடிக்கறவரைக்கும் தூங்கு.

— காலைல என்ன நடந்துச்சு தெரியுமா? விடியும்போது கட்டில்ல சத்தம் வரல. தினம் அந்த வாரால கட்டில் சட்டத்துல பட்டுனு ஒரு அடி அடிப்பாரு, நான் எழுந்திரிக்கணும். எழுந்திரிக்கலன்னா ரெண்டு. இன்னைக்கு சத்தமே இல்ல. கதவுகிட்ட நின்னு பாத்தேன். வாய் ஒரு பக்கம் கோணிக் கெடந்துது. கூப்பிட்டேன், அசையல. உள்ள போகல அண்ணா. கிட்டப் போயி தொட்டுப் பாக்கல. அடுப்படிக்குப் போயி டீ போட்டு, சூடா, கடைசி சொட்டு வரைக்கும் குடிச்சேன். அப்பறம்தான் உனக்கு ஆள் அனுப்பினேன்.

— குடிச்சா குடிச்சிட்டுப் போ. அதுல என்ன?

— டீ நல்லா இருந்துச்சு. அதான் மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு.

— இங்க பாரு, அழுகை வந்தா அழு. வரலன்னா விடு. எனக்கும்தான் வரல. நான் நேரா வந்தேன், கடையத் தொறந்தேன், எப்பவும் போல கண்ணாடிங்களுக்கு சோப்புத் தேய்ச்சுத் தொடச்சேன், வெந்நி போட்டேன், கத்திங்கள எடுத்து வச்சேன். அப்பறம்தான் நீ எதுக்கு ஆள் அனுப்பினன்னே ஞாபகம் வந்துது. 

— கண்ணாடிக்கு எதுக்கு சோப்பு?

— ஆவி படியாது. வெந்நி வச்சு வேல செய்யற எடம், சோப்பு தேய்க்கலன்னா கஸ்டமருக்கு மூஞ்சி தெரியாது. அவரு சொல்லிக் குடுத்ததுதான். ஒரு நாள் மறந்தா அன்னைக்கு முதுகுல விழும். அதனால மறக்கறதே இல்ல. செத்த வீட்டுலயும் தேய்ச்சிட்டு நிக்கறேன் பாரு, மடையன்.

— தம்பி! ஷட்டர எதுக்கு பாதி இறக்கி வச்சிருக்க? நான்தான், பக்கத்துக் கடை தையக்காரன்.

— உள்ள வராதீங்கண்ணே. அப்பாவ சுத்தம் பண்ணிட்டு இருக்கோம்.

— வரல, வரல. பாப்பா அனுப்பின ஆளு சொன்னான், நெசந்தானா தம்பி? என்ன மனுஷன்யா! காலைல கடை தொறக்கறப்ப வாரு சத்தம் கேக்கும், அத வச்சுதான் நான் மிஷின்ல ஒக்காருவேன். இன்னைக்கு சத்தம் கேக்கலயேன்னு நெனச்சேன். பிள்ளைங்கள எப்படி வளத்தாரு! ஒரு கெட்ட பேரு உண்டா? பாப்பா உள்ள இருக்கா?

— இருக்கேண்ணே.

— அழாத பாப்பா. ஒடம்பு கெட்டுரும். உங்கப்பனுக்கு நீன்னா உசுரு. டாக்டருகிட்ட சொல்லிட்டேன், ரெண்டு பேரு காத்திட்டிருக்காங்க, பாத்துட்டு வந்து சாவுச் சீட்டு எழுதிக் குடுக்கறேன்னாரு. நல்லா பாத்துட்டீங்கல்ல தம்பி? ஏன் கேக்கறேன்னா, வாதம் வந்தவங்க சில நேரம் அசந்து கெடப்பாங்க.

— பாத்தாச்சுண்ணே. நாடி பாத்தேன். மூக்குல கண்ணாடி வச்சும் பாத்தேன், மூச்சு இல்ல. 

— அப்ப சரி. என்ன மனுஷன்யா. டாக்டரக் கூட்டிட்டு வந்துர்றேன். 

— போயிட்டாரா?

— போயிட்டாரு. "உங்கப்பனுக்கு நீன்னா உசுரு." கேட்டியா பாப்பா?

— கேட்டேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் அவருக்கு வாரு சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கு. அது கத்தில விழுதா, ஆளு மேல விழுதான்னு தெரியல போல.

— தெரியாம இருக்குமா? தெரியும். சொல்ல மாட்டாங்க. சரி விடு. டாக்டர் வர்றதுக்குள்ள முடிச்சிரலாம். நீ தொட வேண்டாம்னா சொல்லு, நானே ஆடுற கையோட மழிக்கறேன். மூஞ்சி பூரா கோடு கோடா ஆயிரும். பரவால்ல, அவரு வந்து கேக்கப் போறதில்ல.

— குடு. நான் செய்யறேன்.

— நெசமாவா?

— நாலு பேரு வந்து பாக்கறப்ப, பொண்ணு ஒழுங்கா அனுப்பலன்னு என்னத்தான் பேசுவாங்க. கத்தி எங்க?

— அவரு கத்தியவே எடு. கைப்பிடி மஞ்சளா இருக்கும். வாரும் அவருதுதான், கட்டில்லேந்து எடுத்துட்டு வந்து ஆணில மாட்டிட்டேன்.

— பாத்தேன். அதையா எடுத்துட்டு வரணும்?

— கடைல வேற நல்ல வாரு எது இருக்கு? எல்லாத்தையும் வித்துட்டாரே. 

— இது நான் செஞ்சது அண்ணா. உனக்குத் தெரியுமா?

— நீதான எல்லா வாரும் செய்யற.

— எல்லாம் வேற, இது வேற. அதுக்கு முன்னால நான் செஞ்சதையெல்லாம் கைல வாங்கி, வளைச்சுப் பாத்து, குப்பைல போடுவாரு. "வயித்துத் தோலு, இழுக்க இழுக்க நீளும்"பாரு. "எண்ணெய் கூடிப் போச்சு, கத்தி வழுக்குது"ம்பாரு. இதுக்கு எருமையோட முதுகுத் தோலா தேடி வாங்கினேன். ஊற வச்சு, பலகைல இழுத்து ஆணி அடிச்சு, கண்ணாடித் துண்டால சுரண்டி, பாட்டில உருட்டி உருட்டி மழமழன்னு ஆக்கினேன். உள்ளங்கைச் சூட்டுலயே எண்ணெயத் தேய்ச்சேன். பின்பக்கத்துக்கு கித்தான் துணி வச்சுத் தைச்சேன். குடுத்தேன். ஒன்னும் சொல்லல. ஆனா குப்பைல போடல. ஆணில மாட்டினாரு.

— ம்.

— எனக்கு அன்னைக்கு தலகால் புரியல அண்ணா. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் தெரியற மாதிரி ஆணில தொங்குதே! அன்னைக்கு சாயங்காலம் கடையக் கூட்டறப்ப சோப்புக் கிண்ணத்த ஒடச்சிட்டேன். கைக்குப் பக்கத்துல அதான் இருந்துது. எடுத்து வீசினாரு. நல்ல தோலு, தொய்வே இல்ல. சுளீர்னு விழுந்துது. வலியோட வலியா, "நல்லாத்தான் செஞ்சிருக்கோம்"னு நெனச்சேன். என்ன புத்தியோ.

— விடு பாப்பா. தீட்டு. ஆணில மாட்டி முனைய இழுத்துப் பிடி.

— எனக்கு சொல்லித் தர்றியா? தொய்வா பிடிச்சா கூர் உருண்டுரும். கத்தி படுத்த மாதிரி போகணும். திருப்பறப்ப கத்தியோட மொட்டை முதுகுல திருப்பணும், கூர் தோலத் தொட்டு நிக்கக் கூடாது.

— முதுகு முன்னால.

— கூர் பின்னால. அவரு எனக்கு அத எப்படிச் சொல்லிக் குடுத்தாரு தெரியுமா? ஒரு சொல்லுக்கு ஒரு அடி. சின்னப் புள்ளைல ஒரு நாள் கத்திய மாத்தி இழுத்துத் தோலக் கீறிட்டேன். சுவத்தப் பாத்து நிக்கச் சொன்னாரு. முதுகு. முன்னால. கூர். பின்னால. சொல்லிட்டே அடிச்சாரு. மறக்கவா போகுது? 

— அன்னைக்கு நான் இந்த நாற்காலிக்குப் பின்னாலதான் நின்னுட்டு இருந்தேன்.

— தெரியும்.

— கை ஆட ஆரம்பிச்சது அன்னைக்குத்தான்னு நெனக்கறேன். துண்டு ஒன்னு கைல வச்சிருந்தேன், அது ஆடிட்டே இருந்துது. நிறுத்தவே முடியல. 

— உன்ன ஒன்னும் சொல்லல அண்ணா. நீயும் புள்ளதான.

— நல்லா சத்தம் வருது பாப்பா. அவரு தீட்டற மாதிரியே இருக்கு. கண்ண மூடிட்டுக் கேட்டா அவருதான்.

— அப்படிச் சொல்லாத.

— பாராட்டறேன்.

— அப்படிச் சொல்லாதன்னு சொல்றேன்ல! 

— ஏய், ஏய், என்ன பண்ற? மாத்தி இழுக்கற! கூர் முன்னால போகுது!

— ஆமா. கூர் முன்னால.

— பாப்பா, வாரு அறுபடுது!

— அறுபடட்டும். முதுகுத் தோலு, நல்ல தோலு, லேசுல அறுபடாது. நான் செஞ்சது. இன்னும் பிடிச்சு இழுக்கணும். பிடி அண்ணா அந்த முனைய. பிடின்னா!

— பிடிச்சிட்டேன். பாத்து, விரலு!

— இது கட்டில்ல அடிச்சதுக்கு. இது உன் காதுக்கு. இது நேத்து சாயங்காலத்துக்கு. 

— போதும் பாப்பா. துண்டு துண்டா ஆயிருச்சு. போதும், மூச்சு வாங்குது உனக்கு. ஆணில மாட்டற இரும்பு வளையத்துல வேற கத்தி இடிச்சிருச்சு. எங்க காட்டு. பாத்தியா, கூர்ல பல்லு விழுந்திருச்சு. வேற கத்தி எடுக்கறேன் இரு.

— வேண்டாம். இதாலயே மழிக்கறேன்.

— புடிச்சு இழுக்கும் அது. 

— அவருக்கு இது போதும். வலிக்கவா போகுது? நுரையப் போடு. அதையாவது நீ செய்.

— போடறேன். கை ஆடறதுக்கும் பிரஷ்ஷுக்கும் சரியாத்தான் இருக்கு பாரு, நுரை தானா பொங்குது. சிரிச்சியா? சிரி. இப்படி நாம ரெண்டு பேரும் இந்தக் கடைல சத்தமா பேசி நான் பாத்ததே இல்ல.

— தள்ளு. கன்னத்துலேந்து ஆரம்பிக்கணுமா?

— காதுகிட்டேந்து கீழ. விரலால தோல மேல இழுத்துப் பிடி. கத்தியப் படுக்க வை. அவ்ளோதான். பரவால்லயே! இந்தக் கைய வச்சு நாம கடைல ஒரு வழி பண்ணியிருக்கலாம். 

— நாளைக்கு எந்த பஸ்ஸு?

— மத்தியானம் ஒன்னு இருக்கு. அதுல போனா இருட்டறதுக்குள்ள போயிரலாம். பெட்டி இருக்கா உனக்கு?

— தோல் வாங்கின சாக்கு இருக்கு. என்கிட்ட என்ன இருக்கு, நாலு துணி. சுரண்டற கண்ணாடி, ஊசி, அந்த உருட்டற பாட்டிலு. எல்லாம் எடுத்து வச்சிட்டேன். 

— எப்ப வச்ச?

— டீ குடிச்சிட்டு.

— அப்படிப் போடு.

— மீசைக்கு மேல எப்படி மழிக்கறது? 

— அத விடு, மொதல்ல தாடைய முடி. தாடைக்குக் கீழ முடி சுத்தி வளரும், பாத்து.

— அண்ணா.

— என்ன?

— வெட்டிட்டேன். தாடைக்குக் கீழ. அந்தப் பல்லு விழுந்த எடம் பிடிச்சு இழுத்திருச்சு.

— நான்தான் சொன்னேன்ல. விடு, தொடச்சிட்டு மேல போ. படிகாரம் அந்தத் தட்டுல... ச்சே, பழக்கதோஷம். செத்தவருக்கு எதுக்குப் படிகாரம்.

— தொடச்சிட்டேன். மறுபடி வருது.

— என்ன வருது?

— ரத்தம்.

— நுரை மேல ஒரு துளி பட்டாலே பெருசாத்தான் தெரியும் பாப்பா.

— துளி இல்ல அண்ணா. தொடைக்கத் தொடைக்க ஊறுது. துண்டப் பாரு. வெறும் கோடுதான் விழும்னு நீதான சொன்ன?

— நகரு. தள்ளு, பாக்கறேன்.

— செத்தவங்களுக்கு ஊறாதுன்னு நீதான சொன்ன!

— கத்தாத. தெருவுல கேக்கும்.

— மூக்குல கண்ணாடி வச்சுப் பாத்தேன்னியே!

— வச்சேன். மூக்க ஒட்டியே வச்சேன். ஆவியே படியல, பளிச்சுன்னு இருந்துது.

— எந்தக் கண்ணாடி?

— கைக்கண்ணாடி. கஸ்டமருக்கு பின்னங்கழுத்து காட்டறது.

— அதுக்கும் சோப்பு தேய்ச்சியா?

— தேய்க்காம? கடை தொறந்ததும் எல்லாக் கண்ணாடிக்கும் அதான மொத வேல... ஐயோ.

— நாடி பாத்தேன்னு சொன்னியே அண்ணா!

— இந்தக் கைய வச்சிட்டா? எது நாடி, எது நடுக்கம்னு எனக்கு எப்படிப் பிரியும்? ஒன்னும் தெரியல, அதனால இல்லன்னு நெனச்சிட்டேன்.

— மூக்குக்குக் கீழ பாரு. நுரை. 

— அசையுது.

— உள்ள போயி வெளிய வருது. அண்ணா, அப்பா மூச்சு விடறாரு.

— அந்தத் துண்டுங்கள எடுத்து ஒளிச்சு வை! சீக்கிரம்!

— எந்தத் துண்டு?

— வாரு! வெட்டிப் போட்டியே, அது! கண்ண முழிச்சா மொதல்ல ஆணியத்தான் பாப்பாரு!

— அப்பா உயிரோட இருக்காரு, நீ வாரப் பத்திப் பேசற.

— நீ மட்டும் என்ன? குனிஞ்சு அதைத்தான பொறுக்கிட்டு இருக்க.

— ஆமா. ஆமா அண்ணா. எப்ப குனிஞ்சேன்னே தெரியல.

— எழுந்திரி. கீழ போடு அத. எழுந்திரி பாப்பா.

— நாம பேசினதெல்லாம் கேட்டிருப்பாரா?

— தெரியல.

— டீ குடிச்சேன்னு சொன்னேனே. எல்லாத்தையும் சொன்னேனே. அண்ணா, நீ ஓடிப்போயி டாக்டரச் சீக்கிரம் வரச் சொல்லு. நான் துணிய வச்சு அழுத்திப் பிடிச்சிக்கறேன்.

— பிடிச்சிட்டு?

— பிடிச்சிட்டுன்னா? டாக்டர் வந்து பாப்பாரு. 

— பாத்து, ஊசி போட்டு, பிழைக்க வச்சிட்டுப் போவாரு. நீ தூக்கிட்டுப் போயி மறுபடி கட்டில்ல போடுவ. கழுவுவ, பால் ஊட்டுவ. நாளைக்கு அந்தக் கத்திக்கடைக்காரரு வேற ஆளப் பாத்துக்குவாரு. ரெண்டு நாள் கழிச்சு அவருக்குக் கைல தெம்பு வரும். வாரு எங்கன்னு கேப்பாரு. 

— அண்ணா.

— புது வாரு யாரு செஞ்சு குடுப்பா? சொல்லு. 

— நான்தான்.

— முதுகுத் தோலா பாத்து வாங்குவியா?

— வாங்குவேன். நல்லா இல்லன்னா குப்பைல போடுவாரே.

— சரி. உள்ள போ. உன் சாக்க எடு. பின்வாசல் வழியா போயிரு. இன்னைக்கும் மத்தியானம் அந்த பஸ்ஸு உண்டு.

— நான் போனா இவர யாரு பாத்துக்குவா?

— நான் பாத்துக்கறேன்.

— என்ன பாத்துக்குவ நீ? 

— மிச்சத்த மழிச்சு முடிக்கறேன். கழுத்து பாக்கி இருக்குல்ல.

— டாக்டர் வந்துருவாரு.

— செத்தவரப் பாக்கத்தான் வர்றாரு. நீ போ பாப்பா.

— அண்ணா, கத்திய எங்கிட்டேந்து எப்ப வாங்கின? குடு. கத்தியக் குடு அண்ணா. உன் கை... உன் கை நடுங்கவே இல்லையே.